பின்பக்கம் பார்த்து எடுத்த அறை

எங்கள் குடும்பத்தில் ஹோட்டல் அறை பிடிப்பது என் பொறுப்பு. யாரும் என்னிடம் அதை ஒப்படைக்கவில்லை. வாய் கொஞ்சம் நீளம் என்பதால் தானாக வந்து சேர்ந்தது. நானும் என் கணவரும் ஈப்போவில் டோபிக் கடை வைத்திருக்கிறோம். நாள் முழுக்க ஊரார் அழுக்குத் துணியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஹோட்டல்காரனோடு மல்லுக்கட்டுவது எம்மாத்திரம் என்று என் தம்பி சொல்வான். கிண்டல்தான். ஆனாலும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக அறைகள் தேவைப்படும். கேமரன் மலையில் நாங்கள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்காக. அக்கா இன்னும் அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறாள். அத்தானுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. மற்ற எல்லாரும் கீழே இறங்கிவிட்டோம். நான் ஈப்போ, தம்பி கிள்ளான், சித்தப்பா பிள்ளைகள் சுங்கை சிப்புட். திருவிழா வந்தால் காடி காடியாக மேலே ஏறுவோம்; காரை நாங்கள் காடி என்போம். அக்கா வீட்டில் அத்தனை பேர் படுக்க இடம் கிடையாது. இருந்தாலும் படுக்க மாட்டோம் என்பது வேறு விஷயம். அந்தக் குளிரில், பச்சைத் தண்ணீர் வரும் குளியலறையில், விடியற்காலையில் குளிக்க இப்போது யாருக்கும் தெம்பில்லை.

அதனால் சில வருடங்களாக ஒரே ஹோட்டலில் தங்கி வந்தோம். தோட்டத்துக்கு மேலே, சாலை வளைகிற இடத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பச்சை ஹோட்டல் என்று பெயர். வாசல் பலகையில் ஒரு இலை, அறைச் சாவியில் ஒரு இலை, தலையணை மேல் வைத்திருக்கும் அட்டையில் ஒரு இலை. துண்டை மறுபடியும் பயன்படுத்தினால் பூமியைக் காப்பாற்றுவீர்கள் என்று அந்த அட்டை சொல்லும். பல் துலக்க மூங்கில் பிரஷ் தருவார்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு. பால்கனியில் நின்றால் தேயிலைச் சரிவு முழுவதும் தெரியும். தம்பி மனைவி அங்கே நின்று படம் எடுக்காமல் திருவிழாவைத் தொடங்கியதே இல்லை.

அந்த ஹோட்டலை நான்தான் தேர்ந்தெடுத்தேன். இலையைப் பார்த்து நம்பித்தான் எடுத்தேன்.

திருவிழாவின் முதல் காரியம் கரகம். லயத்துக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றில் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, வேப்பிலையும் பூவும் வைத்துக் கட்டி, தலையில் ஏற்றிக் கையால் பிடிக்காமல் கோவில் வரைக்கும் கொண்டு போக வேண்டும். ஆறு என்று நாங்கள் சொல்வோமே தவிர அது ஓடைதான், மழை பெய்யாத நாளில் பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள். ஆனால் தோட்டம் போட்ட காலத்திலிருந்து அம்மன் அந்த ஆற்றிலிருந்துதான் கோவிலுக்கு வருகிறாள். கரகம் தூக்குவது அத்தான். அதற்காகக் காப்புக் கட்டிய நாளிலிருந்து பாயில்லாமல் வெறும் தரையில் படுப்பார்.

போன ஆண்டு விடியற்காலையில் நாங்கள் எல்லாரும் குளித்து, தலைக்கு ஊற்றி, ஈரத் தலையோடு ஆற்றங்கரைக்கு இறங்கினோம். உறுமிக்காரர்கள் தோலைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் செம்போடு தண்ணீரில் இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஆறு முழுக்க நுரை. கல்லுக்குக் கல் தேங்கி, வேர்களில் சிக்கி, இன்னும் மேலேயிருந்து வந்துகொண்டே இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அது வெள்ளையாகக்கூட இல்லை. மஞ்சளாக இருந்தது. பகலில் நுரை பார்த்ததுண்டு, கரகம் எடுக்கிற நேரத்தில் பார்த்தது அதுதான் முதல் முறை.

"மருந்து அடிச்சிருக்கானுங்க," என்றார் கோவில் தலைவர். மேலே இருக்கிற காய்கறித் தோட்டக்காரர்களைச் சொன்னார். எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உரம் என்றார் ஒருவர். எவனோ எதையோ கழுவி விட்டுட்டான் என்றார் இன்னொருவர். அத்தான் செம்பைத் தண்ணீரில் முக்கவே இல்லை. கடைசியில் யாரோ கடைக்கு ஓடி மினரல் வாட்டர் போத்தல்கள் வாங்கி வந்தார்கள். மூடியைத் திருகித் திருகிச் செம்பில் ஊற்றினார்கள். உறுமி அடித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் கரகத்தைத் தலையில் வைத்ததும் அத்தானுக்கு அருள் வந்து உடம்பு குலுங்கும். அன்றைக்கு வரவில்லை. சுமை தூக்குகிறவர் மாதிரி நடந்து போனார். அக்கா அவர் பின்னால் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதபடி போனாள்.

நான் கடைசியாகத்தான் கரையேறினேன். எனக்கு நுரையைத் தெரியும். வயிற்றுப்பாடே அதுதான். மருந்து நுரை வேறு, சவர்க்கார நுரை வேறு. குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தேன். செரை வாசம் அடித்தது, எலுமிச்சைப் புல் வாசம்.

பச்சை ஹோட்டலில் ஷாம்பு செரைப் புல் வாசத்தில்தான் இருக்கும். இயற்கை மூலிகை என்று போத்தலில் இலை படம் போட்டிருப்பார்கள். என் தலையிலும் அதே வாசம். மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை, பெண்கள் நாங்கள் அத்தனை பேரும் அன்றைக்கு மஞ்சள் தேய்த்துத்தான் குளித்திருந்தோம். சுற்றுலா வந்தவர்கள் அந்த நேரத்தில் இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விடியுமுன் எழுந்து, சுத்தமாக இருக்க வேண்டும் என்று இரண்டு முறை தேய்த்துக் குளிக்கிறவர்கள் நாங்கள் மட்டும்தான், அந்த ஆண்டு எப்போதையும்விட அதிகம் பேர். அம்மனுக்காகக் குளித்த தண்ணீரைத்தான் அம்மன் வருகிற வழியில் ஊற்றியிருந்தோம்.

எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம். இலை படம் போட்டவன் மேல் கோபம். அதைவிட, ஹோட்டலின் வாசலை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிய எங்கள் மேல் கோபம்.

திருவிழா முடிந்து கோவில் கூட்டம் நடந்தபோது, இனிமேல் கரகத்தை டவுனிலேயே குழாய்த் தண்ணீரில் கட்டிவிடலாம் என்று பேச்சு வந்தது. லோரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாமாம். அக்கா எழுந்து, அப்படியென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், இவர் தூக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அத்தான் தலையை ஆட்டினார். கடைசியில் அடுத்த ஆண்டு ஒரே ஒரு முறை ஆற்றில் பார்ப்பது, தண்ணீர் சரியில்லை என்றால் அதோடு டவுன் குழாய்தான் என்று முடிவானது.

அதாவது ஒரு விடியற்காலைத் தண்ணீருக்குத்தான் எங்களுக்குத் தவணை கிடைத்திருந்தது.

நான் அக்காவிடம் நுரை எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"நம்மளுதா?" என்றாள்.

"நம்மளுதுதான்."

"அப்ப யார் மேல கோவிக்கிறது," என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் கீரைக்குத் திரும்பிவிட்டாள். நான் திரும்பவில்லை.

அடுத்த மாதமே டோபிக் கடையை ஒருநாள் சாத்திவிட்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு மலையேறினேன். கையில் ஒரு பொட்டலம் மஞ்சள் தூள். அறை பார்க்க வந்திருக்கிறேன் என்று பச்சை ஹோட்டலில் சொன்னேன். எங்களை நன்றாகத் தெரியும் என்பதால் சாவியைக் கொடுத்து நீங்களே போய்ப் பாருங்கள் என்றார்கள். கணவரைக் கட்டடத்துக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னேன். நான் குளியலறையில் வாளி நிறைய மஞ்சளைக் கரைத்து ஊற்றினேன். ஊற்றிவிட்டு ஃபோனில் கூப்பிட்டேன்.

"வந்துச்சா?"

"ஒண்ணும் வரல."

"நல்லாப் பாருங்க. லோங்காங்ல பாருங்க." சாக்கடைக் கால்வாயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"இரு, இரு. வருது. சாம்பார் மாதிரி வருது."

"எங்க போவுது?"

"அப்படியே பள்ளத்துல இறங்குது. நேரா உங்க அக்கா வீட்டுக்குத்தான்."

குளியலறைத் தரையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வந்தேன். மஞ்சள் கறை என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியாதா? தண்ணீர் எங்கே போகிறது என்று கீழே வரவேற்பு மேசையில் கேட்டபோது, நாங்கள் சுற்றுச்சூழல் ஹோட்டல் மேடம் என்று அட்டையைக் காட்டினார்கள். அட்டையில் தண்ணீர் எங்கே போகிறது என்று போட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்கள் எங்களுக்கு இதே பொழுதுபோக்கு. மலைக்குப் போகும்போதெல்லாம் ஒன்றிரண்டு ஹோட்டல் பார்ப்போம். அறையைப் பார்க்கலாமா என்று கேட்பேன், குளியலறைக் கதவைச் சாத்துவேன், கணவர் பின்னால் போய் நிற்பார். ஒரு இடத்தில் காவலாளி அவரைப் பிடித்துக்கொண்டார். சுவர் ஓரமாகக் குனிந்து சாக்கடையை உற்றுப் பார்க்கிற மனிதரை யார்தான் சும்மா விடுவார்கள்? மோதிரம் விழுந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தாராம். காவலாளி நல்ல மனிதர், அவரும் சேர்ந்து தேடியிருக்கிறார். இரண்டு பேரும் மோதிரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது மஞ்சள் தண்ணீர் வந்தது.

இன்னோர் இடம் காட்டு ஓய்வில்லம் என்று பெயர் வைத்திருந்தது. அறைக்குள் மரக்கட்டை வாசம், ஜன்னலில் பாசி, மேசையில் கூழாங்கல். பின்பக்கம் போய்ப் பார்த்தால் மலையைச் செங்குத்தாக வெட்டி, மண் சரியாமலிருக்க நீலக் கித்தான் போட்டு மூடியிருந்தார்கள். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளத்தோடு வீட்டுக்குள் சேறு வந்த வருடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கித்தானுக்குக் கீழே தூக்கம் வராது. அங்கே நான் மஞ்சளைப் பிரிக்கவே இல்லை.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஹோட்டல் தன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் முன்பக்கத்தில் இருக்கிறது. செய்வதெல்லாம் பின்பக்கத்தில் இருக்கிறது. குப்பையைப் பிரிக்கிறார்களா, உணவு மிச்சத்தை எங்கே கொட்டுகிறார்கள், விரிப்பை எங்கே துவைக்கிறார்கள், குளித்த தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று நாலு கேள்வி கேட்டால், பதில் தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். தெரியாதவர்கள் அட்டையைக் காட்டுவார்கள்.

கடைசியில் பிரிஞ்சாங் டவுனில், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போடுகிற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கடைவரிசைக்கு மேலே ஒரு பழைய ஹோட்டல் அகப்பட்டது. இலையும் இல்லை, பால்கனியும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கடையின் தகரக் கூரை. நடத்துவது ஒரு சீன அம்மா. நான் குளியலறைக்குள் போய் வழக்கம்போல் ஊற்றினேன். கணவர் கீழே காத்திருந்தார், காத்திருந்தார், ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வாளியும் ஊற்றினேன். வரவில்லை. நான் வெளியே வந்தபோது அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் விரலெல்லாம் மஞ்சள்.

என்ன செய்கிறாய் என்று மலாயில் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கீழே கூட்டிப் போய்க் கட்டடத்துப் பக்கத்தில் இருந்த இரும்பு மூடியைக் காலால் தட்டிக் காட்டினார். எல்லாத் தண்ணீரும் டவுன் கழிவுநீர்க் குழாயில் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, மாதாமாதம் கட்டணம் கட்டுகிறேன் என்றார். மொட்டை மாடியில் விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. வெயில் இருக்கும் நாளில் இயந்திரத்தில் உலர்த்துவதில்லையாம். எனக்கு அந்த விரிப்புகளைப் பார்த்ததும் ஆளைப் பிடித்துப்போனது. வெள்ளை வெளேரென்று இல்லை. மருந்து போட்டு வெளுக்காத துணியின் நிறம் அது.

உங்கள் குளியலறையை நானே கழுவித் தருகிறேன் என்று சொல்லி, கழுவிவிட்டு, அங்கேயே எல்லா அறைகளையும் பேசி முடித்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கே குடும்ப வாட்சாப் குழுவில் போட்டேன். என்ன காரணம் என்று விளக்கமாக எழுதினேன். யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. சித்தப்பா மகள், அங்கே ஹீட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அவள் கணவர் டவுனில் காடி நிறுத்த இடம் கிடைக்காதே என்றார். தம்பி கூப்பிட்டான்.

"ஏன்க்கா, டோபிக் கடை வச்சிருக்கிற நீ சவுக்காரத் தண்ணியப் பத்திப் பேசலாமா?"

"பேசலாம். எங்க கடத் தண்ணி குழாய்ல போவுது, ஆத்துல போவல. வேணும்னா நீயும் மஞ்சத்தூள் கொண்டாந்து ஊத்திப் பாரு."

"நம்ம நாலு பேரு மாறுனா மல மாறிடுமா? மத்தவன் வந்து தங்கத்தான போறான்."

"தங்கட்டும். அவன் விடியக்காலைல எந்திரிச்சுக் குளிக்க மாட்டான். கரகம் எடுக்கிற நேரத்துல ஆத்துல வர்றது நம்ம நுரதான்லா. நாம மாறுனாப் போதும்."

"பிள்ளைங்களுக்கு அந்த பால்கனி வேணுமாம்."

"உனக்கு அத்தான் கரகம் தூக்குறது வேணாமா?"

அவன் ஃபோனை வைத்துவிட்டான். பிறகு பச்சை ஹோட்டலில் தனக்கு மட்டும் ஓர் அறை எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவனை விட்டுவிட்டேன். மற்றவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தேன். சிலரிடம் கெஞ்சினேன், சிலரைத் திட்டினேன், சித்தப்பா மகளிடம் ஹீட்டர் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினேன். மற்ற ஊர்களிலிருந்து அதே ஹோட்டலுக்கு வழக்கமாக வருகிற குடும்பங்களுக்கும் கோவில் தலைவர் மூலம் சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார்கள். ஆனால் வந்தார்கள்.

திருவிழாவுக்கு முதல் நாள் இரவு வரை எனக்கு ஒரே நினைப்புதான். ஒரே ஓர் அறைத் தண்ணீர் போதும், செரை வாசமும் மஞ்சள் நுரையுமாக இறங்கி வர. அதுவும் என் சொந்தத் தம்பி அறையிலிருந்து. அப்படி வந்தால் அத்தான் கரகம் தூக்குவது இதோடு சரி. தம்பியைக் கூப்பிட்டுக் கெஞ்சலாமா என்று ஃபோனை எடுத்து எடுத்து வைத்தேன். கெஞ்சவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாயிற்று.

விடியற்காலை நாங்கள் சீன அம்மாவின் ஹோட்டலில் குளித்துவிட்டு வேன் பிடித்துத் தோட்டத்துக்கு வந்தோம். லயத்தை நெருங்கும்போது அக்கா வீட்டு வாசலில் தம்பியின் காடி நின்றது. அவன் மனைவியும் பிள்ளைகளும் துண்டும் மாற்றுத் துணியுமாகக் குளிரில் நடுங்கியபடி நின்றார்கள். யார் தலையிலும் ஈரம் இல்லை. உள்ளே குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு வாளிக்கும் ஒரு அலறல். தம்பிதான் முதலில் இறங்கியிருந்தான்.

அவன் மனைவி என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரூம்ல குளிக்கக் கூடாதுன்னுட்டாரு அண்ணி. பைப்பத் தொறக்கவே விடல."

அக்கா வீட்டுக் குளியல் தண்ணீர் ஆற்றுக்குப் போகாது. பின்னால் சேம்புப் பாத்தியில் பாய்ந்து அங்கேயே ஊறிவிடும். தம்பி தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இந்தத் தண்ணிலதான் நாம பள்ளிக்கூடம் போனோமா?" என்றான்.

"பேசாம அடுத்த ஆள உள்ள அனுப்பு," என்றேன்.

ஆற்றங்கரையில் கோவில் தலைவர் டார்ச்சோடு முன்னாலேயே நின்றிருந்தார். தண்ணீரில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டே மேலும் கீழும் நடந்தார். கல் தெரிந்தது. கல்லுக்கு அடியில் மணல் தெரிந்தது. கலங்கல் கொஞ்சம் இருந்தது, முந்தின நாள் மழை. நுரை இல்லை. அத்தான் இறங்கிச் செம்பை முக்கினார். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அக்காவிடம் காட்டினார். அக்கா ஒரு விரலை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

உறுமி எழும்பியதும் அத்தான் உடம்பு குலுங்கியது. வேப்பிலை சிதறியது. பெண்கள் குலவை போட்டார்கள். நான் நன்றாக, சத்தமாக அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன். இத்தனை மாதங்களாக வாளி வாளியாக மஞ்சள் ஊற்றியதும் திட்டு வாங்கியதும் இதற்குத்தானே.

கரகத்தைக் கோவிலில் இறக்கி, பூசை முடிந்து, ஆட்கள் பசியாற உட்கார்ந்தார்கள். அக்காவும் நானும் பூசைப் பாத்திரங்களை அலசலாமென்று மறுபடி ஆற்றுக்கு இறங்கினோம். நன்றாக வெயில் வந்திருந்தது. முதலில் அக்காதான் பார்த்தாள். மேலேயிருந்து நுரை வந்துகொண்டிருந்தது. இந்த முறை வெள்ளையாக. சுற்றுலாக்காரர்கள் எழுந்து குளிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அக்கா பாத்திரத்தைக் கரையில் வைத்தாள். குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் அவள் புழங்குவது இந்தத் தண்ணீர்தான். கீரைப் பாத்திக்கு ஊற்றுவது இதுதான். விடிகிற நேரம் ஒரு நாள் தெளிந்ததற்காக நான் அவ்வளவு அழுதிருந்தேன். அவளுக்கு மற்ற நாட்களும் இருந்தன.

"இது நம்மளுது இல்லயே?" என்றாள்.

"இல்ல."

"அப்ப நான் போய்க் கேக்கலாமில்ல?"

போன ஆண்டு கோபிக்க ஆளில்லாமல் கீரைக்குத் திரும்பியவள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தாள். நான் பின்னால் ஓடினேன். தம்பி பசியாறிக்கொண்டிருந்தவன் எங்களைப் பார்த்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். விஷயத்தைச் சொன்னதும், "வாங்க, நான்தான அங்க ரூம் எடுத்திருக்கேன். காசு குடுத்தவன் கேட்டா பதில் சொல்லித்தான ஆகணும்," என்றான். அந்த அறை எடுத்ததற்காக நான் அவனைத் திட்டாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

அக்கா அந்த ஹோட்டலுக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. அவள் வீட்டுத் தலைக்கு மேலே இத்தனை வருடங்களாக இருக்கிறது. பளிங்குத் தரையில் அவள் கால்தடம் ஈரமாக விழுந்தது. முகத்தில் மஞ்சள், புடவையில் பாதி ஆற்றுத் தண்ணீர். மேசையில் இருந்த பெண் தமிழ்ப் பிள்ளை, கம்போங் ராஜாக்காரி. என்ன வேண்டும் ஆன்ட்டி என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

தம்பி வாயைத் திறந்தான். அக்கா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"நான் கீழ லயத்துல இருக்கேன்மா. உங்க தண்ணி எங்க வீட்டு வழியாத்தான் போவுது. உங்க மேனேஜர ஒரு தடவ கீழ கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த அட்டையை எடுக்கப் போனாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதைத் திரும்ப வைத்துவிட்டாள்.

"மேனேஜர் இப்ப இல்ல ஆன்ட்டி. மத்தியானந்தான் வருவாரு. நீங்க வேணும்னா ஃபோன் நம்பர் குடுத்துட்டுப் போங்க, நாங்க கூப்பிடுறோம்."

ஓரமாகப் போட்டிருந்த வெள்ளை சோபாவில் அக்கா ஈரப் புடவையோடு உட்கார்ந்தாள்.

"பொறந்ததுலேருந்து கீழயே இருக்கேன். மத்தியானம் வரைக்கும் இங்க இருக்க மாட்டேனா?"

நானும் தம்பியும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம்.